சாம்பல் கேட்டு வந்தவர்

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. சந்தையில் உப்பு வாங்கினால்கூட ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் மடியில் கட்டுவேன். மணவறையில் தாலியைக் கையில் வாங்கி எடை பார்த்தவள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அது பொய். கண்ணால்தான் பார்த்தேன்.

ஆனால் நான் சொல்லப்போகிற அந்த வருஷத்தில் நான் ஒருத்தி மட்டும் அல்ல, எங்கள் மலையே சந்தேகப்பட்டது. மழை பொய்த்து, சாமை கருகி, ஓடை வெறும் மணலாகக் கிடந்தது. ஊற்றில் கசிகிற தண்ணீரை வரிசையில் நின்று மொண்டு வந்து, வீட்டில் உள்ள பானை, குண்டான், எண்ணெய் டின் எல்லாவற்றிலும் ரொப்பி வைத்தோம். அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். முட்டிக்கு முட்டி வலிக்கும். மரம் ஏறிப் புளி உலுக்குகிற ஆம்பிளைகள் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாலைந்து நாளில் மணலை அள்ளித் தூவியது போல உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரி கிளம்பும். இன்றைக்கு டெங்கு என்று டிவியில் வரிசையாகச் சொல்கிற அடையாளங்கள் அத்தனையும் அதற்கு இருந்தன. அந்தப் பெயர் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த பெயர் அம்மா. மணல்வாரி அம்மா.

அம்மா வந்த வீட்டுக்கு முறை உண்டு. வாசலில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர்ப் பானை வைக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதில் ஒரு கை மொண்டு காலில் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். தாளிக்கக் கூடாது. மாத்திரை, ஊசி கூடாது. அம்மா ஏறிய உடம்பை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அவள் கோபம் ஊர் முழுக்க இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் பானையைக் கவிழ்க்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றலாம், அவ்வளவுதான். நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மா இறங்கிவிட்டாள் என்று சொல்கிற அன்றைக்குத்தான் பானை கவிழும். அந்த வருஷமோ ஒருவருக்கு இறங்குவதற்குள் அதே வீட்டில் இன்னொருவருக்கு ஏறியது. பானைகள் மாசக்கணக்கில் வாசலிலேயே நின்றன.

பானை வைப்பதும், இறங்கினாள் என்று சொல்லிக் கவிழ்ப்பதும் எங்கள் ஊரில் என் மாமியார் கையில் இருந்தது. அத்தை ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். எந்த வீட்டில் பொரி கண்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பெரியம்மையை ஒழித்துவிட்டோம் என்று அடிவாரத்து ஒடுகத்தூர் சுவர்களில் எழுதியிருந்ததை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"ஒழிச்சிட்டானாம். யார ஒழிச்சான்? அம்மாவையா? இப்ப பாரு, இன்னொரு வேஷம் கட்டினு வந்துட்டா."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சர்க்கார் மேல் எனக்கு அத்தையைவிடச் சந்தேகம் அதிகம். முன்பு ஒரு தடவை வீட்டுக்கு வீடு வெள்ளை மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். மூட்டைப்பூச்சி பிழைத்துக்கொண்டது, என் பூனை செத்துப்போனது.

இந்த நேரத்தில்தான் சர்க்கார் அனுப்பி அவர் மலை ஏறி வந்தார். மலேரியாக்காரர். காக்கிப் பை, டார்ச், நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, மூடி போட்ட சின்னச் சின்ன பாட்டில்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அடிவாரத்து வேதக்காரர். பள்ளிக்கூடத்தின் பின்னறையில் தங்கினார். நாங்கள் கொடுத்த சாமைக் கூழை வயிறு சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு, தானே உலை வைத்துப் பொங்கித் தின்றார். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்க மாட்டார். சோற்றுப் பானைக்கு மேல் கல்லை வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். நாங்கள் விஷம் வைத்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. எங்களிடம் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வந்த மறுநாள் காலை ஊர் நடுவில் நின்று உரக்கச் சொன்னார்.

"காய்ச்சல் எதனால வருதுன்னு பாக்கணும். வூட்டுக்கு வூடு சாம்பிள் எடுக்கணும்மா. யாரும் பயப்படாதீங்க. கொஞ்சூண்டு சாம்பிள், அவ்ளோதான். கீழ அனுப்பிட்டு பதில் வந்ததும் சொல்றேன்."

நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கே அந்த வார்த்தை தெரியாது. எங்கள் காதில் விழுந்தது சாம்பல்.

மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலடி மண், தலைமுடி, அடுப்புச் சாம்பல் இந்த மூன்றையும் நாங்கள் வெளியாள் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள். சாம்பல் ஒரு பிடி போனால் அந்தக் குடியே போன மாதிரி. ஒரு ஆள் சர்க்கார் சட்டை போட்டுக்கொண்டு, சிலுவையும் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் ஊர் நடுவில் நின்று வீட்டுக்கு வீடு சாம்பல் வேண்டும், கொஞ்சூண்டு போதும், பயப்படாதீர்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? பயப்படாதீர்கள் என்று சொன்னதில்தான் எங்களுக்கு உயிரே போய்விட்டது.

மதியத்துக்குள் ஊரில் ஒரு அடுப்பிலும் சாம்பல் இல்லை. எருக்குழியில் புதைத்தவர்கள் புதைத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி எல்லாச் சாம்பலையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஊற்றுக்கும் காட்டுக்கும் அதோடேயே நடந்தாள். நான் எங்கள் வீட்டுச் சாம்பலை விதைச் சாமைப் பானையில் கொட்டி மூடி வைத்தேன். விதைக்குப் பூச்சி வராமல் சாம்பல் கலப்பது வழக்கம்தான். அந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே கலந்துவிட்டேன்.

அவரோ உள்ளே வந்தும் அடுப்பில் கை வைக்கவில்லை. தண்ணீர் நிற்கிற இடமாகத் தேடித் தேடிக் குனிந்தார். டார்ச் அடித்தார். கரண்டியால் மொண்டு பாட்டிலில் ஊற்றினார். பாட்டிலுக்குள் என்னவோ நெளிந்தது. அவர் காய்ச்சல் கண்ட வீடாகப் பார்த்துப் போனார். ஊரார் கண்ணுக்கு அவர் போகிற வீட்டில் காய்ச்சல் வருவதாகத் தெரிந்தது. பாட்டிலில் புழு வைத்திருக்கிறான், தண்ணீரில் விடுகிறான், சாம்பல் கிடைக்காத ஆத்திரம் என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் நானும் இருந்தேன்.

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. பொரி கிளம்பியதும் அத்தை வாசலில் பானை வைத்தார். புருஷன் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், உரமான உடம்பு. எனக்குப் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். மூன்று வயசு. அவளுக்கு முன்னால் பிறந்த ஒன்று தங்கவில்லை. இவளை இடுப்பிலிருந்து கீழே விடவே எனக்கு மனசு வராது. இவளுக்கு அம்மா ஏறிவிடக் கூடாது, ராத்திரி பகல் எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

ஒரு நாள் ஊற்றிலிருந்து திரும்பி வருகிறேன், மலேரியாக்காரர் எங்கள் வாசலில் அம்மா பானைக்கு மேல் குனிந்து நிற்கிறார். கரண்டி பானைக்குள் இருக்கிறது. எனக்குத் தலையில் நெருப்பு வைத்தாற்போல் ஆகிவிட்டது. குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்.

"இன்னா பண்றீங்க? அம்மா பானைல கைய வெக்கறீங்களா?"

"பானை பூரா புழும்மா. நீயே பாரு." கரண்டியை என் முன் நீட்டினார். வேப்பிலைக்கு நடுவே மயிரிழை மாதிரி நிறையப் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலேயும் கீழேயும் போய் வந்தன.

"நீங்க வுட்டதுதான்! பாட்டில்ல கொண்டாந்து ஊத்திட்டு எங்கிட்டயே காட்றீங்களா? சாம்பல் குடுக்கலன்னு புழுவ வுடறீங்களா?"

"சாம்பலா? எந்த சாம்பல்?"

"எங்க வூட்டுச் சாம்பல். வந்த அன்னிக்கி நடு ஊர்ல நின்னு கேக்கல? வூட்டுக்கு வூடு சாம்பல் எடுக்கணும்னு சொல்லல?"

மனிதர் வாசல் கல்லில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, சாம்பிள்மா! சாம்பிள்! சோறு வெந்துச்சான்னு பாக்க ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாப்பீங்க இல்ல, அந்த மாதிரி கொஞ்சம் எடுத்துப் பாக்கறது. அதுக்குப் பேரு சாம்பிள். அதான் நான் போனா அடுப்பு எல்லாம் கழுவி வுட்ட மாதிரி கீது!"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. பதிலும் நறுக்கென்று பொருந்தியது. அவ்வளவு பொருந்தினால் எனக்கு மூக்கு வேர்த்துவிடும். சாம்பிளோ சாம்பலோ, புழு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொசு வந்து தண்ணீரில் முட்டை போடுகிறது, அது புழுவாகிறது, புழு கொசுவாகிறது, கடிக்கிற கொசு காய்ச்சலை ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குக் கொண்டுபோகிறது என்றார். பானையைக் கவிழ்த்துவிடு என்றார். அம்மா பானையைக் கவிழ்க்கச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரை நம்பக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டினேன். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்து ஊர் முன்னால் நிறுத்துவது என்றும் முடிவு கட்டினேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் யார் கண்ணும் படாத இடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு சட்டிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்தேன். இரண்டிலும் நானே மொண்டு வந்த ஊற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டேன். ஒன்றைப் பழைய சேலைத் துணியால் வாய் கட்டினேன். இன்னொன்றைத் திறந்தபடி விட்டேன். பிறகு விதைப் பானையிலிருந்து சாம்பலை அள்ளி வந்து சுற்றிலும் தூவினேன். அவர் வந்து புழுவை விட்டால் காலடி பதியுமே. தினமும் போய் முதலில் சாம்பலைப் பார்த்துவிட்டுத்தான் சட்டியைப் பார்ப்பேன்.

சாம்பலில் கோழிக்கால் தவிர வேறு கால் விழவில்லை. திறந்த சட்டியில் புழு வந்துவிட்டது. கட்டின சட்டியில் ஒன்றுகூட இல்லை. விடுவேனா? திறந்த சட்டியையும் இப்போது துணியால் கட்டினேன், புழு என்னவாகிறது என்று பார்ப்பதற்கு. அவை தடித்து, தலை பெருத்து, கடைசியில் ஒரு நாள் துணிக்கு அடிப்பக்கம் கொசுக்களாக உட்கார்ந்திருந்தன. காலில் வெள்ளை வளையல் போட்ட கொசுக்கள். பகலில் எங்களைக் கடிக்கிற அதே கொசு. மனிதர் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தது வீணாகப் போயிற்றே என்ற கோபம். அதற்கு அடியில் பயம். வீட்டுக்காரருக்கு இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, எங்கள் வாசலில் பானை அப்படியே நிற்கிறதே, மகள் அதன் பக்கத்தில்தானே விளையாடுகிறாள்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சட்டிகளையும் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வேப்பெல போட்ட தண்ணீல தானா புழு வராது. வந்தா அது அம்மா வுட்டது. அவ வுட்டத நீ துணி போட்டு கட்டி வெச்சிகினு கீற. இன்னா தைரியம் உனுக்கு?"

"வாசல் பானைய கவுத்துட்டு புதுத் தண்ணி ஊத்தலாம் அத்தே. இல்லன்னா துணியாவது கட்டலாம்."

"அம்மாவுக்கு மூச்சு முட்டட்டும்ங்கறியா? அந்த ஆளு உன்ன மாத்திட்டான். எங்கிட்ட சொன்ன மாதிரி வெளிய சொல்லாத."

அத்தை மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஊரில் பானை நிற்கிற வரைக்கும்தானே அவருக்கு மதிப்பு, அதனால்தான் விட மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். பேத்தியைவிட மதிப்பு பெரிதாகிவிட்டதா என்று மனசுக்குள் திட்டினேன். அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகு சீக்கிரமே. அடுப்பு மாதிரிக் கொதித்தாள். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். பொரி வந்தது. அத்தை வேப்பிலைப் படுக்கை போட்டார். பிறகு காய்ச்சல் விட்டது. எல்லோரும் மூச்சு விட்டோம். அத்தை வாசலில் கற்பூரம் ஏற்றினார். ஆனால் குழந்தை எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று முனகினாள். கை கால் சில்லிட்டுப் போனது. துடைக்கத் துடைக்க மூக்கில் ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் தடி ஊன்றி எழுந்து வந்து அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானே பள்ளிக்கூடத்துக்கு ஓடி மலேரியாக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை சந்தேகப்பட்ட மனிதரை நானே கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது இன்னா காய்ச்சல்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது மலேரியா, இது அது இல்ல. ஆனா ரத்தம் வந்தா வூட்ல வெச்சிகினு ஒக்காரக் கூடாது. இப்பவே கெளம்பு. புளி ஏத்த வந்த ஜீப்பு மேல் ரோட்டுல நிக்குது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா ரத்த சாம்பிள் எடுத்துப் பாத்து மருந்து குடுப்பாங்க."

அதற்குள் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. கடைசி வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

"ரத்தச் சாம்பலா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முந்தானை முடிச்சை அவள் கை இறுக்கிப் பிடித்தது. "அடுப்புச் சாம்பல் கெடைக்கல, புள்ளய எரிச்சி சாம்பல் எடுக்கப் போறானா?"

கூட்டம் மலேரியாக்காரரைச் சுற்றி நெருங்கியது. யாரோ அவர் பையைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டில்கள் உருண்டன. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். சாம்பல் இல்லை, சாம்பிள், ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போல என்று சொன்னேன். புழு அவர் விட்டது அல்ல, என் சட்டியில் நானே பார்த்தேன், பானையில்தான் கொசு பிறக்கிறது என்று சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர்தான் எங்களுக்குத் தலைவர், அவர் மட்டும் கை காட்டிக் கூட்டத்தை அடக்கினார். அவர் கெட்டவர் அல்ல. அவர் வீட்டிலும் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

"அந்த ஆளு எப்பிடியோ போட்டும் பொண்ணே. புள்ள மேல அம்மா கீறா. எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா ஊர்ல படுத்துகினு கீற அத்தினி பேருக்கும் யாரு பதில் சொல்றது? அம்மா எறங்கட்டும், அப்புறம் தாராளமா போ."

என் தோளில் குழந்தையின் தலை துவண்டு கிடந்தது. ரவிக்கையில் ரத்தம் பிசுபிசுத்தது. அவ்வளவு பேரையும் தள்ளிக்கொண்டு போக என் உடம்பில் தெம்பு இல்லை. வழியை அடைத்து நின்றவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அத்தை வந்தார்.

என்னையும் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வாசல் பானையிடம் போனார். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். அப்படியே கவிழ்த்தார். தண்ணீர், வேப்பிலை, புழு எல்லாம் காய்ந்த மண்ணில் கொட்டியது.

"அம்மா எறங்கிட்டா" என்றார்.

அம்மாவை இறக்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. கூழ் ஊற்றவில்லை. குறி கேட்கவில்லை.

"கேக்காமயே எறங்கிட்டாளா?" என்றார் ஊர்க்கவுண்டர், மெதுவாக.

"எங்கிட்ட சொன்னா. உங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போவணுமா?" அத்தையின் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "இந்த வூட்ட வுட்டு மட்டும் இல்ல. ஊர வுட்டே எறங்கிட்டா. எல்லாரும் போயி அவங்கவங்க வாசல் பானைய கவுத்துடுங்க. இனிமே ஒரு பானையும் நிக்கக் கூடாது. நின்னா அவளுக்கு ஆகாது."

ஊர்க்கவுண்டர் அத்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார். வழி திறந்தது.

நான் நடக்கவில்லை, ஓடினேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது மலேரியாக்காரர் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க் குழந்தையைத் தொட்டால் கையை அலம்புகிற மனிதர், அவர் காக்கிச் சட்டையெல்லாம் ரத்தம். புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கீழே போனோம். வழி முழுக்க, ஜீப் ஓட்டுகிறவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறாரோ என்று அவர் முதுகைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தபோது சாம்பிள் என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். என்ன காய்ச்சல் என்று கடைசி வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மகள் கண் திறந்து கூழ் கேட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் ஊர் திரும்பியபோது எல்லா வாசலிலும் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. எண்ணெய் டின்களையும் குண்டான்களையும் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். அது என் வீட்டுக்காரர் வீடு வீடாகத் தடி ஊன்றிப் போய்ச் சொன்னதாம். புதிதாக யாரும் படுக்கவில்லை. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பானை கவிழ்ந்ததால்தான் நின்றதா, தானாக நின்றதா என்று யாராவது கேட்டால் பானையால்தான் என்று சொல்வேன். சட்டியில் நான் கண்ணால் பார்த்தது அது. மலேரியாக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து போகும்போது ஊரே வழியனுப்பியது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அன்றைக்கும் முந்தானையை அவிழ்க்கவில்லை.

அத்தை இளைத்துப்போயிருந்தார். உப்பில்லாத கூழ் ஒரு வேளை மட்டும் குடிக்கிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார். காலையில் எழுந்ததும் அவர் வெயிலில் போய் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பிறகு பெருமூச்சு விட்டு உள்ளே வருவார். எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அத்தே, அன்னிக்கி அம்மா நெசமாவே உங்ககிட்ட சொன்னாளா, எறங்கிட்டேன்னு?"

கையை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவ எங்க சொன்னா? நான்தான் சொன்னேன்."

மறுபடியும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பொய் சொன்னவ நானு. கேக்கறதுன்னா என் உடம்பக் கேளு, புள்ளைய வுட்டுடுன்னு அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டேன். அதான் எம்மேல வர்றாளான்னு பாத்துனு கீறேன். நீ பேசாம புள்ளைக்கு ஊட்டு."